வெட்டச் சொல்லும் குரல்

லா தேஹா, மோன்டெவிடியோ
10 அக்டோபர் 1985

அன்புள்ள அக்கா,

உன் தந்தி வந்து சேர்ந்தது. "உயிரோடு இருக்கிறேன். நிபியா." அவ்வளவுதான். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து ரேடியோ மேல் வைத்திருக்கிறாள். நிலநடுக்கத்தில் மெக்சிகோவில் எந்தெந்தக் கட்டடம் விழுந்தது என்று அந்த ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்த நாட்களில், அதன் முன்னாலிருந்து அவளைச் சாப்பிட எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

உன் ஊரில் வீடுகள் விழுந்திருக்கின்றன. எனக்கு ஒரு பாட்டு வரவில்லை. இதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ உளவியல் படித்தவள். இங்கே ஒரு மனசு டாக்டரிடம் போனால் மறுநாளே லா தேஹா முழுக்கத் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். நம் முர்கா கோஷ்டிக்கு, அதுதான் மில்டன் பெராசா நடத்தும் 'தூக்கங்கெட்டவர்கள்', இந்த வருடமும் நான்தான் பாட்டு எழுத வேண்டும். பிப்ரவரித் திருவிழாவில் முகத்தில் சாயம் பூசி மேடையேறிப் பாடுகிற கேலிப் பாட்டு. பட்டாளத்தார் ஆட்சி போன பிறகு வரும் முதல் திருவிழா. பாட்டை எந்த அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்க வேண்டியதில்லை. சிவப்புப் பென்சிலோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறது. எனக்கு மட்டும் அதுதான் பயம்.

நீ போன பிறகு இந்த ஒன்பது வருடமும் நான் எப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியாது. நாங்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். நமக்கு உண்மையில் வேண்டிய வரி ஒன்று இருக்கும். அதைச் சுற்றிக் கண்ணை உறுத்துகிற மாதிரி இரண்டு மூன்று வரி வைப்போம். தளபதியின் தொப்பை, மந்திரியின் மீசை, அந்த மாதிரி. பென்சில்காரர் அதையெல்லாம் அடித்துவிட்டுத் தன் கடமையைச் செய்த திருப்தியோடு முத்திரை குத்துவார். நமக்கு வேண்டியது தப்பிவிடும். அந்த மற்ற வரிகளுக்கு நாங்கள் 'பலி வரி' என்று பெயர் வைத்திருந்தோம்.

போன வாரம் நான் எழுதியதை, கோஷ்டி ஒத்திகை நடத்துகிற பேட்டைக் கழகத்தில் படித்துக் காட்டினேன். முற்றத்தில் மர உருண்டை உருட்டி ஆடுகிறவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மில்டன் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தான்.

"என்னய்யா இது? முழுக்கத் தொப்பையும் மீசையுமா இருக்கு. இதையெல்லாம் யாரு வெட்டப் போறாங்கன்னு எழுதுன?"

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் எழுதியது முழுக்கப் பலி வரி. வேண்டிய வரி ஒன்றுகூட அதில் இல்லை. அது வரும்போதெல்லாம் நானே அடித்துவிட்டேன் போலிருக்கிறது.

அக்கா, எனக்கு ஒரு பயம். நான் எப்போதுமே எழுத்தாளன் இல்லையோ? வாயைக் கட்டிப்போட்ட காலத்தில் எவன் முனகினாலும் ஜனங்கள் கைதட்டியிருப்பார்கள். இப்போது கட்டை அவிழ்த்துவிட்டார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. அப்படித்தானோ?

அம்மா நன்றாக இருக்கிறாள். உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள். அங்கே குளிராது என்று சொன்னால் கேட்பதில்லை.

வில்மர்


மெக்சிகோ நகரம்
27 அக்டோபர் 1985

டேய் குட்டி,

முதலில் ஒரு சட்டம். கூடப்பிறந்தவனுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது தப்பு. ஆகவே இது வைத்தியம் இல்லை, அக்கா பேசுகிறேன். வித்தியாசம் என்னவென்றால் அக்கா திட்டலாம்.

'நான் எழுத்தாளன் இல்லையோ' என்று இன்னொரு முறை எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒன்பது வருடம் ஒரு பேட்டையையே பாட வைத்தவன் நீ.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், கேள். பூங்காவில் கூடாரம் போட்டு ஜனங்களை வைத்திருக்கிறார்கள். பலருக்கு வீடு விழவில்லை. பொறியாளர் வந்து பார்த்து, நல்லாத்தான் இருக்கு, போங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்கள் போக மாட்டேன் என்கிறார்கள். படிக்கட்டு வரை வருகிறார்கள், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, திரும்பி ஓடுகிறார்கள். கூடாரத்துக்கு வந்ததும் அப்பாடா என்று இருக்கிறது. அந்த அப்பாடாதான் வில்லன். ஓடினால் நிம்மதி கிடைக்கும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மறுநாள் படிக்கட்டைப் பார்த்தாலே ஓடச் சொல்கிறது. தரை எப்போதோ ஆடி நின்றுவிட்டது. உடம்புக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச்சேரவில்லை.

ஒரு நல்ல வரியை அடித்ததும் உனக்கு அந்த நிம்மதி வருகிறதா, இல்லையா? யோசித்துப் பார்.

நாங்கள் அவர்களோடு படிக்கட்டில் போய் நிற்போம். மேலே ஏறச் சொல்ல மாட்டோம். நெஞ்சு அடித்துக்கொள்ளட்டும், நிற்போம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அடங்கும். அடங்குகிற வரைக்கும் ஓடாமல் இருப்பதுதான் பாடம். அடுத்த நாள் இன்னும் ஒரு படி.

நீயும் அதைச் செய். அடிக்க வேண்டும் என்று கை பரபரக்கிற வரி ஒன்றை அடிக்காமல் விடு. ஒரே ஒரு ஆளிடம் படித்துக் காட்டு. படித்துவிட்டு அங்கேயே நில். அவன் சிரித்தானா என்பது முக்கியமில்லை, நீ நின்றாயா என்பதுதான் முக்கியம்.

அம்மாவை வெயிலில் நடக்க விடாதே. தெருவிலே யாரிடமும் அரசியல் பேச வேண்டாம் என்று சொல். நீயும்தான்.

நிபியா


லா தேஹா
14 நவம்பர் 1985

அக்கா,

செய்தேன். சீச்சோவிடம் படித்தேன். அவனை உனக்கு ஞாபகம் இருக்கும், தடிக்குரல் பாடுகிற குண்டன். அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவனுக்குப் பாதி புரியாது என்று நினைத்தேன். முதல் தடவை படித்து முடித்ததும், "அம்மாவுக்கு மருந்து வாங்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். நீ சொன்ன அந்த அப்பாடா வந்தது. வந்ததும் உன்மேல் கோபமும் வந்தது.

மறுபடியும் போனேன். இந்தத் தடவை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.  சீச்சோ மத்தே கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"ஏன்டா இப்படி நிக்குற, மூத்திரம் வருதா?"

"இல்ல. நிக்கணும்னு அக்கா சொல்லியிருக்கா."

"அக்கா சொன்னா நில்லு. ஆனா அந்த வரி நல்லாருக்குடா. இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். நெஞ்சு கொஞ்சம் அடங்கியது, உண்மைதான். அந்த வாரம் முழுக்க எழுதினேன். கேலிப் பாட்டுகள் ஓரளவுக்கு வந்துவிட்டன. ஆனால் கடைசிப் பாட்டு வரவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது பாடுகிற விடைப்பாட்டு இல்லாமல் முர்கா ஏது? கேலிக்கு யார் வேண்டுமானாலும் சிரிப்பார்கள். விடைப்பாட்டில்தான் ஒருவன் எழுதுகிறவனா இல்லையா என்பது தெரியும்.

மில்டன் கழகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன் வில்மர். வரலேன்னா துலியோகிட்ட குடுத்துடுவேன். தப்பா நினைக்காதே." துலியோ பக்கத்துப் பேட்டைப் பையன். அவன் எழுதும்போது யாரும் பென்சிலோடு உட்கார்ந்ததில்லை. அதனால் அவனுக்குப் பயம் தெரியாது. மில்டன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த ஒரு பாட்டு கைநழுவினால் நான் இனி எழுத மாட்டேன், எனக்குத் தெரியும்.

இப்போது உன்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை என் பஸ்ஸில் ஒருவர் ஏறினார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் ரொட்டிப் பை. டிக்கெட் கிழிக்கக் கையை நீட்டிவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன். பென்சில்காரர். ஒன்பது வருடம் என் தாள்களை அடித்தவர்.  வேறு நிற டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மாணவர் டிக்கெட். எனக்கு வயசு அறுபத்தெட்டு ஆச்சு" என்றார். பிறகு என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "இந்த வருஷமும் எழுதறீங்க இல்லையா? விட்டுடாதீங்க" என்றார். பேக்கரி நிறுத்தத்தில் மெதுவாக, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

அக்கா, அவரைப் பார்த்ததில் பயந்தேன். அவர் குரலைக் கேட்டதில் இன்னும் பயந்தேன். மூக்கால் பேசுகிற மெல்லிய குரல், மரியாதையான பேச்சு. எழுத உட்காரும்போது எனக்குள் 'இது வேண்டாம், எடு' என்று சொல்கிற குரல் அவருடையது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் குரல் வேறு மாதிரி. அப்படியானால் எனக்குள் உட்கார்ந்திருப்பது யார்? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

பி.கு. உன் கடித உறையில் வேறு விலாசம் இருந்தது. நீ உன் வீட்டில் இல்லையா?

வில்மர்


மெக்சிகோ நகரம்
29 நவம்பர் 1985

டேய் குட்டி,

விலாசத்தைக்கூட விட மாட்டாயே, கண்டக்டர் புத்தி. சரி, சொல்கிறேன், சிரிக்காதே. என் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது மாடி, பொறியாளர் பார்த்துவிட்டுப் போனார். நான் என்னோடு வேலை செய்கிற ஒஃபேலியா வீட்டுத் தரைத்தளத்தில், வாசல் பக்கத்தில், செருப்பு போட்டுக்கொண்டு தூங்குகிறேன். பகலில் ஊராரைப் படியேற்றுகிறேன். சாயந்திரமானால் என் சொந்தப் படிக்கட்டுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். போதுமா?

இனி உன் விஷயம். உனக்குப் பைத்தியம் இல்லை. அந்தக் குரல் எல்லாருக்கும் இருக்கிறது. தலைக்குள் கேட்பதால் அதை நம் சொந்தப் புத்தி என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வெளியே இருந்து வந்து தங்கிவிட்ட ஆள். எப்போதோ ஒரு காலத்தில் நமக்குத் தேவைப்பட்டிருக்கும். ஆகவே அதோடு சண்டை போடாதே. சண்டை போட்டால் அதற்குப் பலம் கூடும். அது சொல்வதற்குத் தலையாட்டவும் ஆட்டாதே.

இப்படிச் செய். எழுத உட்கார். அது பேச ஆரம்பித்ததும் பாட்டை நிறுத்திவிட்டு அது பேசுவதை எழுது. உன் சொல்லில் எழுதாதே. அது என்ன சொல்லில் பேசுகிறதோ அப்படியே. உன்னை எப்படிக் கூப்பிடுகிறது? திட்டுகிறதா, கெஞ்சுகிறதா? யாருக்காகப் பயப்படுகிறது? நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை எழுதுகிறவன் மாதிரி எழுது. காகிதத்தில் ஏறிவிட்டால் அது ஓர் ஆள், நீ ஓர் ஆள். நடுவில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஆள் யார் என்று தெரிந்ததும் எனக்கு எழுது. அந்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பென்சில்காரரோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே. நல்லவராக மாறிவிட்டாரா இல்லையா என்பதெல்லாம் உனக்கு எதற்கு? டிக்கெட்டைக் கொடுத்தோமா, முடிந்ததா என்று இரு. அம்மா தனியாக இருக்கிறாள், மறந்துவிடாதே.

நிபியா


லா தேஹா
16 டிசம்பர் 1985

அக்கா,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலைந்து தாள்களைக் கிழித்துவிட்டேன்.

நீ சொன்னபடியே செய்தேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அம்மா தூங்கப் போனதும் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். ஒரே புழுக்கம், எண்ணெய் ஆலை வாடை வீடு முழுக்க. பட்டாளத்தார் இழுத்துப் போய்க் காணாமல் போனவர்களின் வாசலைப் பற்றி ஒரு வரி வந்தது. உடனே குரலும் வந்தது. பாட்டை நிறுத்திவிட்டுக் குரலை எழுதினேன்.

'இது வேணுமாடா குட்டி? எடுத்துடு.'

எழுதிவிட்டுப் பார்த்தேன். குட்டி. நாற்பது வயதான என்னை இந்த உலகத்தில் குட்டி என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான்.

கை நிற்கவில்லை, மேற்கொண்டு எழுதினேன். 'பாதி சொன்னாப் போதும். அம்மா தனியா இருக்கா, மறந்துடாதே.' பட்டாளத்துக்குத் தப்பிப் படகுத்துறையில் நீ கிளம்பும்போது சொன்னது அக்கா. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாய். அன்று நீ சொன்னது சரி. அதைக் கேட்டதால்தான் நான் ஜெயிலுக்குள் போகாமல் வெளியே இருந்தேன். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா மேல் சத்தியம். நீ சட்டைக் காலரை விட்டுவிட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு பாட்டை நான் எழுதவில்லை, அதுவாகவே வந்தது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் மேடையிலிருந்து இறங்கும்போது பேட்டையிடம் விடைபெறுவோம். இந்த வருடம் அந்தக் குரலுக்கு விடைகொடுப்பதாக எழுதியிருக்கிறேன். முதலில் அது பேசும்:

எடுத்துடு குட்டி, இந்த வரி எதுக்கு?
ஊரெல்லாம் காது, உனக்கெதுக்கு வழக்கு?
பாதி சொன்னாப் போதும், மீதியை விட்டுடு,
அம்மா தனியா இருக்கா, எடுத்துடு, எடுத்துடு.

நடுவில் அந்த வாசல் வரி வரும், படகில் போன ஓர் அக்கா வருவாள். கடைசியில் நாங்கள் பதில் சொல்வோம்:

காவலுக்கு வந்தவளே, காரியம் முடிஞ்சாச்சு,
கதவைத் திறந்து விட்டோம், கிளம்பு, விடிஞ்சாச்சு.

கழகத்தில் படித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. மில்டன் மத்தேக் கிண்ணத்தை அடுத்த ஆளிடம் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். "துலியோகிட்ட வர வேணாம்னு சொல்லிடுறேன்" என்றான். ஒத்திகை ஆரம்பித்துவிட்டது.

உன்னிடம் கேட்காமல் உன்னைப் பாட்டில் வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வருமோ என்று பயமாக இருக்கிறது.

வில்மர்


மெக்சிகோ நகரம்
31 டிசம்பர் 1985

வில்மர்,

அந்தப் பாட்டை எடுத்துவிடு.

காரணம் சொல்கிறேன். உடுப்புப் போட்டவர்கள் ஆட்சியை விட்டுத்தான் போனார்கள், ஊரை விட்டுப் போகவில்லை. அவர்களை விசாரிப்பதா மன்னிப்பதா என்று பத்திரிகையில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், இங்கேயும் வருகிறது. நாளைக்கே காற்று திரும்பாது என்று உனக்கு யார் சொன்னது? 'காணாமல் போனவர்களின் வாசல்' என்று மேடையில் பாடுவாய். படகில் போன ஓர் அக்கா என்று பாடுவாய். லா தேஹாவில் எத்தனை பேருக்கு அப்படி ஓர் அக்கா இருக்கிறாள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்மா உன்னோடு இருக்கிறாள். மார்ச் மாதம் நான் வரலாம் என்று இருந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் என் பெயரைப் பார்த்து ஒருவன் தலையை நிமிர்த்தினால் போதும்.

கேலிப் பாட்டுகளைப் பாடுங்கள். விடைப்பாட்டுக்குப் பழசு எதையாவது ஒட்டவைத்துக்கொள். பாதி சொன்னாலும் ஜனங்களுக்குப் புரியும்.

மேலே இருப்பதையெல்லாம் எழுதிவிட்டுப் போய் நடந்துவிட்டு வந்தேன். திரும்பிப் படித்துப் பார்த்தேன். அதே குரல். நான்தான். அந்த ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்கு எழுதியவள் நான்தான். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கலாம். முடியவில்லை.  எது பயம், எது புத்தி என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ.

உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்னவளாக இருந்தபோதிலிருந்து எத்தனை விடைப்பாட்டு கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் 'அடுத்த வருஷம் திரும்பி வருவோம்' என்று ஒரு வரி இருக்கும். அது இல்லாமல் ஒரு முர்காவும் மேடையை விட்டு இறங்காது. உன் பாட்டில் அது இல்லை. காவலுக்கு வந்தவளே கிளம்பு என்று கதவைத் திறந்துவிட்டாய். திரும்பி வா என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது வருடமாக நான் பயப்படுவது உடுப்புக்காரர்களுக்கு இல்லை குட்டி. நான் இல்லாமலே உங்களுக்குப் பழகிவிட்டிருக்குமோ என்றுதான்.

எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நிபியா


லா தேஹா
4 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மேடையேறுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால் வந்தது. காலைச் சுற்றுக்குப் போகும் வழியில் தபால்காரரிடம் வாங்கி, பஸ் கிளம்புவதற்குள் படித்துவிட்டேன். படித்து முடித்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? காதில் வைத்திருந்த பென்சிலை எடுத்துப் பாட்டுத் தாளில் உன் வரிகளை அடித்தேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும். யோசிக்கவே இல்லை. ஒன்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. அடித்து முடித்ததும் அந்த அப்பாடா வந்தது பார், வெயிலில் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் பயந்துபோனேன். இவ்வளவு சுகமாக இருக்கிறதே, இது கெட்டது என்று தோன்றியது.

அந்தச் சுற்று முழுக்க அந்தத் தாள் சட்டைப்பையில் இருந்தது. கழகத்துக்குப் போய் மில்டனிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது, பழைய பாட்டு நிறைய இருக்கிறது, அவன் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொள்வான். நான் கொடுக்கவில்லை. கொடுத்துவிடு என்று கை சொன்னது, ஓடு என்று கால் சொன்னது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். துறைமுகம் தாண்டும்போது வேர்த்துக் கொட்டியது. ஓர் அம்மாள், "தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "எங்க அக்கா ஒண்ணு கேட்டா, குடுக்க முடியலம்மா" என்றேன். "குடுக்காதே. அக்காங்க கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க" என்றாள்.

நெஞ்சு அடங்கியதும் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். முதல் பக்கத்தில் காற்று திரும்பலாம் என்கிறாய். காற்று திரும்பாது என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? ஆனால் இரண்டாவது பக்கத்தில் நீ சொன்னது சரி. பாட்டில் ஓட்டை இருந்தது. நான் குரலை அனுப்பினேன், அது உன் முகத்தோடு போனதைக் கவனிக்கவில்லை. எழுதுகிறவன் செய்யக் கூடாத தப்பு. அடிக்கச் சொன்னாய், நான் கூட்டினேன். அடுத்த நாள் கழகத்துக்குப் போய், "கடைசியில இன்னும் நாலு வரி இருக்கு" என்றேன்.

மில்டன் தலையில் அடித்துக்கொண்டான். "இப்பவா? சீச்சோவுக்கு அவன் பொண்டாட்டி பேரே அப்பப்ப மறந்துபோகுது!"

"படிக்கிறேன், கேளு. அப்புறம் சொல்லு."

படித்தேன். சீச்சோதான் முதலில், "குடு, நான் இன்னிக்கே மனப்பாடம் பண்றேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை முதல் மேடை. உனக்குத் தெரியாது, இத்தனை வருடத்தில் என் விடைப்பாட்டு ஒன்றைக்கூட நான் முன்னால் நின்று கேட்டதில்லை. தொத்திறைச்சிக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இந்த முறை அம்மாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். உனக்கான கம்பளிக் காலுறையை அந்தப் புழுக்கத்திலும் மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் கோட்டு போட்ட உளவாளி யாராவது இருக்கிறானா என்று என் கண் தேடிக்கொண்டே இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கேலிக்கு நன்றாகச் சிரித்தார்கள். பிறகு விளக்கைக் குறைத்தார்கள், பெரிய முரசு மெதுவாக அடித்தது. சாயம் பூசிய முகத்தோடு சீச்சோ முன்னால் வந்து, மிரட்டுகிற மாதிரி இல்லாமல், ஒரு தொட்டில் பிள்ளையிடம் பேசுகிற மாதிரிப் பாடினான். 'எடுத்துடு குட்டி.' கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது.   முடிந்தது, தொலைந்தோம், அக்கா அப்போதே சொன்னாள் என்று நினைத்தேன். எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. அம்மா என் முழங்காலைப் பிடித்து அமுக்கியிருந்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "எங்கம்மா! எங்கம்மா இப்படித்தான் சொல்லும்!" என்றது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் எழும்பியது. இன்னொருத்தி, "என் வீட்டுக்காரர்!" என்றாள். ஒரு கிழவர் எழுந்து நின்று, "நான்! நான்தான் சொன்னேன், என் மகன்கிட்ட!" என்று கத்திவிட்டு அப்படியே நின்றார். அடுத்த முறை அந்த வரி வந்தபோது மேடையிலிருந்த பதினேழு பேரோடு சேர்ந்து தெருவே பாடியது. நான் உன்னைப் பற்றி மட்டும் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிபியா இருந்திருக்கிறாள்.

அம்மாவுக்குத்தான் கோபம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை. "அவ ஒரு தடவ சொல்லிட்டுப் படகேறிட்டா. நான் தினம் சொன்னேன், சோறு போடும்போதெல்லாம் சொன்னேன். பாட்டுல அவளுக்கு மட்டும் இடமா?"

எனக்குப் பயம் போகவில்லை. அது போய்விடும் என்று நீ சொல்லவும் இல்லை. மறுநாள் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் பார்ப்பேன். ஆனால் சனி, ஞாயிறு, நேற்று எல்லா மேடையிலும் அந்தப் பாட்டைப் பாடினார்கள், இன்றைக்கும் பாடப் போகிறார்கள். மார்ச் முதல் வாரம் வரைக்கும் மேடைகள் இருக்கின்றன. நீ எந்த நாளில் வருகிறாய் என்று தந்தியடி, நானும் அம்மாவும் விமான நிலையத்துக்கு வருகிறோம். நீ அங்கே உன் மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டு வருகிறாயா, ஏறாமலே வருகிறாயா என்று நான் கேட்க மாட்டேன்.

கூட்டிய நாலு வரி கீழே இருக்கிறது. இதைப் பாடிக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் மேடையிலிருந்து இறங்குகிறார்கள்:

வழியனுப்பி வெச்சது வாயடைச்ச பயத்தை,
வா வான்னு கூப்பிடுறது வாசல் தாண்டிப் போன உன்னை.
திட்டிக்கிட்டே வந்து சேரு, திட்டு எங்களுக்குப் பழக்கம்,
தெருமுனையில எங்க முரசு, நீ வந்தாத்தான் முழக்கம்.

நீ எடுக்கச் சொன்னதை எடுக்காத,
உன் குட்டி,
வில்மர்